யாரும் அனுப்பாத குண்டு

மச்சாள்,

உன் பழைய ரேடியோவுக்குப் புது பற்றரி போட்டிருக்கிறேன். நீ கண்மூடிய பின் அதை யாரும் தொடவில்லை. ஃபோனில் வரும் செய்திகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அதனால்தான் எடுத்தேன்.

என் மகள் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வளைகுடா நாட்டில், எல்லைக்கு அப்பாலிருந்து ஏதோ பறந்து வந்து விழுந்திருக்கிறது. காலையில் இராணுவப் பயிற்சி என்றார்கள். மத்தியானம், வானத்திலேயே சுட்டுவிட்டோம், விழுந்தது வெறும் துண்டுகள் என்றார்கள். பக்கத்து நாடோ தான் எதையும் அனுப்பவே இல்லை என்கிறது. பிறகென்ன, குண்டு தானாகவா நடந்து வந்தது? மக்கள் பயப்படத் தேவையில்லை என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

சண்டைக்காலத்தில் நம் பனிச்சங்கேணியிலும் இதே கதைதானே. அடித்தார்கள் என்று ஒரு பக்கம் சொல்லும், அடிக்கவில்லை என்று மறுபக்கம் சொல்லும். கதிரவெளிப் பக்கமிருந்து வரும் பெண்களிடம் ஷெல் விழுந்ததா என்று நாம் கேட்கமாட்டோம். யார் காதில் விழுமோ என்று அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். நீ வழிமறித்து, "அங்கால உலை வெச்சிரிக்காங்களாகா?" என்று மட்டும் கேட்பாய். "வைக்கல்ல" என்றால் போதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு களப்பங்கரைத் தோணிக்கு ஓடுவோம். "சோறாக்காம ஒரு பொம்புள சும்மா இரிப்பாளா?" என்பாய்.

மகளை அழைத்தேன்.

"ஒண்டுமில்லம்மா, பயப்பிடாதிங்க," என்றாள். அவளும் அறிக்கை வாசிக்கிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் உன் கேள்வி வாயில் வந்தது.

"இண்டைக்கு என்ன மனே சமைச்ச?"



"சமைக்கல்லம்மா. வீட்டுக்காரங்க எல்லாரும் கார்ல வெளிக்கிட்டுப் போயிட்டாங்க. என்னய வீட்டப் பாத்துக்கச் சொன்னாங்க."

"உன்ட பாஸ்போட்?"

"அது அவங்கட கையிலம்மா."

உன் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது, மச்சாள். அது ஒருநாளும் பொய்த்ததில்லை. அன்றைக்கு விடை தெரிந்ததும் இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன், நீ முன்னால் போய்த் தோணியைத் தள்ளினாய். இன்றைக்கு விடை தெரிந்தும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஃபோனை வைக்கவேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.