உள்தாழ்ப்பாள்

ஸ்பிரிங்வெளி,
3.10.1960

அன்பின் யோகம்,

அந்தப் புயலில் கூரை பறந்ததோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனீர். மூன்று வருஷமாகிறது. நான் குறை சொல்லவில்லை.

தோட்டத்துத் துரையிடம் கேட்டு, குவாட்டர்ஸின் நடுவே ஓர் அறை கட்டிவிட்டேன். சுவரும் கூரையும் கம்பி போட்ட கொங்கிரீட். சன்னல் கிடையாது. எந்தப் புயலும் அசைக்காது.

மேசன் பழனியாண்டி அதைச் சாமி அறை என்றே நினைத்து, வாசலில் சூடம் கொளுத்தினார். கதவைப் பொருத்தும்போதுதான், "சாமி ரூமுக்கு உள்தாப்பா ஏங்க இவ்வளவு கீழ?" என்று கேட்டார்.

நேற்றுக் காற்று பலமாக அடித்தது. உள்ளே போய், குனிந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் போகும்போது பிள்ளை என் இடுப்பளவு இருந்தாள். அந்தக் கணக்கில்தான் வைத்தேன். இப்போது எவ்வளவு உயரம் என்று எழுதும். ஏற்றிப் போட வேணும்.

பிள்ளையின் அப்பா