பன்றிக்குத் தெரிந்துவிட்டது

பாலரப், டென்மார்க்
நவம்பர் 1995

அன்புள்ள ட்ரோல்ஸ்,

நானும் உன் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் ஈரக்காற்றோடு தகராறு செய்கிறது. நியூசிலாந்தில் நீயும் உன் பண்ணை ஆடுகளும் நலமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடாமல் கொட்டகைக்குப் போய் உன் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். யாரும் ஓட்டாத சைக்கிளில் காற்று எங்கே போகிறதோ, வாராவாரம் இறங்கிவிடுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்த அப்பா, "அவனே வந்து அடிச்சுக்க மாட்டானா? வரச்சொல்லி எழுது, நீ சொன்னா கேப்பான்" என்றார். இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டுமா, வேண்டாமென்றால் வந்துவிடுகிறேன் என்று நீ கடிதத்தில் கேட்டதற்கு நான் பதில் போடாமல் இருப்பது அவருக்கும் தெரியும்.

வேலையில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் புதுப் பெப்டைடு மருந்து பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், அது உடம்பில் வளர்ச்சி ஹார்மோனை மட்டும் எழுப்ப வேண்டும், பதற்றத்தில் சுரக்கிற கார்ட்டிசோலைத் தொடக்கூடாது. முன்பு வந்த மருந்துகள் இரண்டையும் சேர்த்தே எழுப்பின. இது அப்படி இல்லை என்று சந்தோஷமாக இருந்தோம், போன மாதம் திடீரென்று சோதனைப் பன்றிகளின் ரத்தத்தில் கார்ட்டிசோல் ஏறத் தொடங்கியது. கைவிட வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது, எத்தனை பேருடைய உழைப்பு. ஆனால் மருந்தே இல்லாமல் வெறும் உப்புநீர் ஏற்றிய பன்றிக்கும் ஏறியிருந்தது, அதுவும் நான் ரத்தம் எடுத்த நாட்களில் மட்டும். பன்றி பயந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால் அதோடு பழகி, பக்கத்தில் உட்கார்ந்து, அது அசந்திருக்கும்போது கழுத்தில் பொருத்திய குழாயிலிருந்து எடுப்போம். உன்னைத் தூங்கவைத்த பாட்டை முனகிக்கொண்டே எடுப்பது என் வழக்கம். உன் கடிதம் வந்த பிறகு நான் முனகவில்லையாம், எனக்கே தெரியாது. கூட வேலை செய்கிற யூட்டெதான் சொன்னாள், "மருந்து மேல குத்தம் இல்ல பிர்த்தே. நீ எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி உக்காந்திருக்க, பன்னி என்ன நினைக்கும்? அடுத்தது நாமதான்னு நினைக்கும்." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவள் எடுத்துப் பார்த்தபோது வளர்ச்சி ஹார்மோன் நன்றாக ஏறியது, மற்றது அசையவே இல்லை. மருந்து பிழைத்தது, எனக்கு இந்த வாரம் சோதனைக் குழாய் கழுவும் வேலை.

அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வெளியே காட்டவில்லை என்றுதான் நினைத்திருந்தேன், பன்றிக்கே தெரிந்துவிட்டது, உனக்குத் தெரியாமலா போகும். இரு என்று எழுதினாலும் அதற்குள் வா என்பதை மோப்பம் பிடித்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுக்கவே பயமாக இருந்தது. நீ வளர வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நான்தான், அது மட்டும் ஏக்கத்தைக் கூட்டிவராமல் தனியாக வருமென்று நம்பியதும் நான்தான். இப்போதும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு எடுத்து ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, ஏக்கம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நீ அங்கேயே இரு ட்ரோல்ஸ், அந்த ஒரு வருடமும் இரு.

அங்கே வெயில் காலம் வருகிறது, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு தபால் அட்டை போடு, என் தோளுக்கு மேல் எட்டிப் படிப்பதை அவர் நிறுத்தட்டும். போகிற பாதையெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும்.

சைக்கிளைப் பற்றி ஒன்று, இதை அப்பாவிடமும் சொல்லவில்லை, யூட்டெயிடமும் சொல்லவில்லை. நீ உயர உயர சீட்டை ஏற்றிய கீறல்கள் சீட்டைத் தாங்கும் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கடைசிக் கீறலில் நிற்கிற சீட் எனக்கு எட்டாது. நாளைக் காலை அதை என் உயரத்துக்கு இறக்கி, அதிலேயே வேலைக்குப் போகப்போகிறேன்.

உன் அம்மா,
பிர்த்தே