புதினாவுக்கு ஒரு விளக்கு

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஐந்து மணிக்கே இருட்டு. கிரான்பர்னில் எனக்கு எத்தனையாவது குளிர்காலம் இது. இன்னும் பழகவில்லை.

அக்காவுக்குப் புற்றுநோய் ஊசி மருந்து ஏற்றி நாலாம் நாள். சோறு, சூப், பாண் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். "வாய்க்குள்ள இரும்பைச் சப்பின மாதிரி இருக்கு பிள்ளை." புதினாச் சம்பலோடு மட்டும் ரெண்டு வாய் இறங்கியது. கடைப் புதினாவில் மணம் இல்லையாம். குசினி ஜன்னலில் இருப்பதோ வெளிறி, கொடி மாதிரி நீண்டு கிடக்கிறது. தெற்குப் பார்த்த ஜன்னல். இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கமாகத்தான் வரும், இதில் படவே படாது.

வாங்க: பால், அடல்ட் டயப்பர், பச்சை மிளகாய்.

ஜூன் 12, வியாழன்
வடக்கு வெயில் வருவது ஹோலுக்கு மட்டும்தான். ஹீற்றரும் அங்கேதான், அதனால் அக்காவின் கட்டிலும் அங்கே. புதினா, துளசி இரண்டையும் அவள் தலைமாட்டு ஜன்னலுக்கு மாற்றினேன். மூன்று நாளாக மேகம். செடி வளர்க்கிற எல்ஈடி விளக்கு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி, கோயம்புத்தூர்க்காரி, ரசம் கொண்டுவந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "லைட்ட ரொம்ப மேல மாட்டியிருக்கீங்கக்கா. செடிக்கு மேல ஒரு சாண் இருந்தாப் போதும். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எரியட்டும்."

இறக்கினேன். தானே எரிந்து அணைய ரைமரும் போட்டேன். ரசம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்
புதுத் தளிர். கரும்பச்சை. கிள்ளினால் விரலெல்லாம் மணம். சம்பல் அரைத்தேன். அக்கா அரைக் கோப்பை சோறு சாப்பிட்டாள். வேலைக்குப் போகிற வழியில் காருக்குள் பாட்டுக் கேட்டேன். கனநாளைக்குப் பிறகு.

ஜூன் 21, சனி
பகல் அரைநாள் வேலை. சொல்லாமல் முந்தி வந்துவிட்டேன். அக்கா போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். பயந்துபோனேன்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. இந்த லைட் கண்ணுக்குள்ள குத்துது."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீ அதோட மினக்கெடுறதைப் பார்த்தனான். சந்தோசமா இருந்தாய். அதுதான்."

இத்தனை நாளும் நான் வேலைக்கு வெளிக்கிட்டதும் மூடிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். உடனே அணைத்தேன். விளக்கு, செடிச் சட்டி எல்லாம் உடுப்புத் தோய்க்கிற அறைக்கு. அங்கே ஹீற்றர் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்
வெளியே புல்லில் உறைபனி. துளசி கறுத்துவிட்டது. வெளிச்சம் இருந்து என்ன, குளிர் தாங்கவில்லை. புதினா பரவாயில்லை.

அக்காவிடம் துளசியைப் பற்றிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி
ஆஸ்பத்திரி. டொக்டர் கதிரையை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார். மருந்து இனி பலன் தராது. நோகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நான் தமிழில் சொல்லத் தொடங்க, அக்கா கையைப் பிடித்தாள். "எனக்கு விளங்கினது."

வரும்போது மழை. வைப்பர் சத்தம் மட்டும். சிக்னலில் நிற்கையில் அக்கா கேட்டாள்:

"புதினா இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப இரவைக்கு அரை."

அரைத்தேன். வீடு வந்ததும் தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை.

ஜூலை 2, புதன்
மழை விடவில்லை. தாதி வந்து போனாள். நோவு மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறாள்.

விளக்கடியில் இருந்ததையெல்லாம் ஒட்டக் கிள்ளிச் சம்பல் அரைத்தேன். அக்கா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"மணக்கேல்லை பிள்ளை."

"நாளைக்குப் பார்ப்பம்."

"நாளைக்கு வேண்டாம். நீ போட்டுச் சாப்பிடு. ரெண்டு நாளா நீயும் ஒண்டும் சாப்பிடேல்லை. இதிலயே இருந்து சாப்பிடு, நான் பார்க்க."

கட்டிலோரம் இருந்து சாப்பிட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் போடு" என்றாள். போட்டேன். உப்புப் போட மறந்திருந்தேன். முழுதும் சாப்பிட்டேன்.