நீ வாசித்த செய்தி

அன்பு மகள் அருள்ஜோதிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் அந்த நொய்டாவில் வேளைக்குச் சாப்பிட்டு, தைராய்டு மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் தினமும் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, வாட்சப்பில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டதாக நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. உன் தம்பி ரெஜினை நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. குறுவை நெல்லில் நமக்குச் சேதம் இல்லை, நம் வயல் மேடு, போர்வெல் தண்ணீரில் தப்பித்தது. வாய்க்காலை நம்பிய பள்ளத்து வயல்கள்தான் போயின. வீரையன் அண்ணன் குத்தகைக்கு எடுத்த வயல் முழுக்க வேர் அழுகி, மஞ்சளாகி, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

நீ செய்தி வாசிக்கிற சானலை வாங்கிய கம்பெனிதான் வாய்க்கால் தலைப்பில் அந்த அரிசி மில்லையும் கட்டியது என்று உனக்குத் தெரியும். நெல் ஊறவைத்த தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். கறுப்பாக வருகிறது, நாற்றம் கோயில் வரைக்கும் அடிக்கிறது. நடவுக்கு இறங்கிய பெண்களுக்கெல்லாம் காலில் கொப்புளம். வீரையன் அண்ணன் மனைவி பிரகதாம்பாளுக்கு இன்னும் ஆறவில்லை, செருப்புப் போட முடியாமல் துணி சுற்றிக்கொண்டு நடக்கிறாள். உங்கள் சானலின் தஞ்சாவூர் நிருபர் அறிவுச்செல்வன் கேமராவோடு வந்தபோது, கஜா புயலில் முதலில் வந்து நம்மைக் காட்டியது இந்தச் சானல்தானே என்று நம்பி, எல்லோருக்கும் முன்னால் நான்தான் பேசினேன். மில்லு வந்தப்ப எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம், நாலு புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கும்னு நெனச்சோம், இப்ப அந்தத் தண்ணியில கால வைக்க முடியல, பயிரு பூராவும் போச்சு என்று சொன்னேன். பிரகதாம்பாளின் காலையும் காட்டச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானச் செய்தியில் போட்டார்கள். நம் வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. என் முகம் வந்தது. மில்லு வந்தப்ப எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம், அவ்வளவுதான், அதோடு வெட்டிவிட்டார்கள். கால் வரவில்லை, வாய்க்கால் வரவில்லை. பிறகு ஒரு குரல், டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி, கழிவுநீர் கலக்கிறது என்று சிலர் கிளப்பிவிடும் வதந்தியை மக்கள் நம்பவில்லை என்று வாசித்தது. பேர் போடாவிட்டாலும் அது யார் குரல் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து வயதிலிருந்து நீ கோயிலில் வாசகம் வாசித்துக் கேட்ட ஊர் இது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பிரகதாம்பாள் மட்டும் வாசலில் நின்று, "வேற யாரும் சொல்லியிருந்தா பொய்யின்னு துப்பிட்டுப் போயிருப்பேன் அக்கா. ஒங்க பொண்ணு சொல்லுதே, அதான் தாங்கல" என்றாள். அப்புறம் நடவுக்கும் களைக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயந்திரம் நீ போனில் சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. எழுதிக் குடுக்கறத வாசிக்கிறதுதாம்மா என் வேலை, படத்த எனக்குக் காட்ட மாட்டாங்க, நான் வாசிக்கலன்னா வேற ஒருத்தி வாசிப்பா என்றாய். உன் அம்மா முகம் அதில் இருந்தது உனக்குத் தெரியாது என்றதை நான் முழுசாக நம்புகிறேன். அப்பாவும் உன் பக்கம்தான், எந்தப் பேப்பருக்கு முதலாளி இல்ல, முன்ன கட்சிக்காரன் வச்சிருந்தான், இப்ப மில்லுக்காரன் வச்சிருக்கான், புள்ளைய ஏன் வதைக்கிறே என்று என்னைத்தான் கோபித்தார். நான் தஞ்சாவூருக்குப் போய் அறிவுச்செல்வனைப் பார்த்தேன். பாவம், அந்தத் தம்பி என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டது. நீங்க பேசுனது பூராவும் அனுப்பினேம்மா, வாய்க்கால், அவங்க காலு எல்லாம் அனுப்பினேன் என்றது. யாருப்பா வெட்டச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லலம்மா. சொல்லவே வேணாம். எது மேல போனா முதலாளி மொகம் சுளிப்பாருன்னு அங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அவங்களே எடுத்துருவாங்க. அடுத்த தடவ நானே எடுத்துட்டுத்தான் அனுப்புவேனோன்னு எனக்கே பயமா இருக்கு" என்றது. பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் சொல்லாமலேயே இத்தனை பேர் வாயை மூட முடியுமா என்று. அப்பா சொல்வதுபோல் முதலாளி எப்போதும் உண்டுதான், ஆனால் நம் வாய்க்காலைக் கெடுக்கிறவனே அதைச் சொல்ல வேண்டிய வாயையும் வைத்திருந்தால் நாங்கள் யாரிடம் போவது ஜோதி?

இனி எழுதப்போவதைச் சொல்லத்தான் இத்தனையும். போன வாரம் தஞ்சாவூரில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். வீரையன் அண்ணன் எழுந்து பயிர் போனதைச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே மில் மேனேஜர் போனில் உங்கள் செய்தியை எடுத்து நீட்டினார். அதிகாரி பார்த்துவிட்டு, இந்தம்மா ஒங்க ஊரு தானே, இவங்களே சந்தோஷம்னு சொல்றாங்களே என்றார். வீரையன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேனோ என்னவோ, அப்படிப் பார்க்கவில்லை. நான் எழுந்து, அது நான்தாங்க, நான் சொன்னதுல பாதிய வெட்டிட்டாங்க, மீதிய இப்ப சொல்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "இவங்க பொண்ணு எங்க சானல்லதாங்க வேலை பாக்குது, அந்தச் செய்திய வாசிச்சதே அந்தப் பொண்ணுதான்" என்றார். "ஆமாங்க, அது எம்பொண்ணு கொரலுதான். ஆனா அவ வாசிச்சது பொய்யிங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார், வந்து பாட்டிலில் எடுத்துப் போனார்கள், முடிவு இன்னும் வரவில்லை. இப்போதைக்கு மில்லில் அந்தத் தண்ணீரைப் பகலில் திறந்துவிடுவதில்லை, அவ்வளவுதான். பிரகதாம்பாள் நேற்று வந்து கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு, சீம்பால் வாங்கிக்கொண்டு போனாள். ஊரோடு எனக்குச் சரியாகிவிட்டது, உன்னோடு ஆகவில்லை. நான் பேசியதை யாரோ போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள், ரெஜினுக்கு நாகப்பட்டினத்திலேயே வந்துவிட்டதாம், உன் ஆபீசுக்கு வராமல் இருக்காது. உன் வேலைக்கு என்னால் என்ன வருமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடு என்று நான் எழுதவில்லை, அது நீ யோசிக்க வேண்டியது. ஆனால் அவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், கிராமத்துப் பொம்பளை, தெரியாமல் பேசிவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்படி ஒரு தாளை எழுதி உன் கையில் கொடுத்தாலும் வாசிக்காதே. அம்மா தெரிந்துதான் பேசினாள்.

குளிர் வருவதற்குள் நல்ல கம்பளி ஒன்று வாங்கிக்கொள். போன தடவை போல இருமலை இழுத்துவிட்டுக்கொள்ளாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவும் நானும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போன் அடிப்பேன், எடு. உனக்குப் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு, நீ மூச்சு விடுவது கேட்டால் எனக்குப் போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மி. செபஸ்தியம்மாள்