கவரில் போட்டுக் கொடுத்தேன்

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்துத்தான் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. நீயாவது சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நாலு சரிம்மா போட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அந்த வேலை நடக்காது, உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் அப்பா விஷயம். போன மாதம் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்டில் ஏறிப் போகிற பாக்கியம் ஏது, மோட்டார் ரூம் மொட்டை மாடியில் அல்லவா இருக்கிறது. மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம், கூடப் போன எலெக்ட்ரீஷியன்தான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். அப்பா சளி என்றார், வயசு என்றார், படி செங்குத்து என்றார், அவர் சொன்ன காரணங்களில் சிகரெட் மட்டும் இல்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் நைந்துபோயிருக்கிறது, போனது போனதுதான், இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அது போதாதென்று வலது பக்கம் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறதாம். பதினாலாம் தேதி ஆபரேஷன். எடுத்துப் பரிசோதித்தால்தான் எப்பேர்ப்பட்ட கட்டி என்று தெரியும் என்கிறார்கள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா தடுத்துவிட்டார், நானும் இருபது நாளாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் சிகரெட்டை விட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். விட்டார், இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவரை வெகுநேரம் காணோமே என்று தேடிப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு இழுக்கிறார். இழுத்தால் இருமல், இருமல் அடங்கினால் மறுபடி ஒரு இழுப்பு. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனேன். என்னைப் பார்த்ததும், என்னால முடியலடி என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு நர்ஸம்மா இருக்கிறார், அவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இது மனசு திடம் இல்லாத குறை இல்லை அம்மா, நிகோடின் மூளையைப் பிடித்து வைத்திருக்கிறது, திட்டினால் போகாது என்று சொல்லி, தோலில் ஒட்டுகிற பட்டையும் மெல்லுகிற மருந்தும் எழுதி வாங்கிக் கொடுத்தார். இன்றோடு பதினோரு நாள். தட்டை வைத்தால் குற்றம், எடுத்தால் குற்றம், எரிந்து விழுகிறார். விழட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். போன வாரம் மருமகள் போனில், “அத்தை, அவர் சிகரெட் பிடிச்சா நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களாமே, கவர்ல போட்டு நீங்களே எடுத்துக் குடுப்பீங்களாமே” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவளுக்கே சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட், காலையில் பல் தேய்க்கிறபோது கால் மணி நேரம் இருமல், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பிடித்தால் தப்பில்லை என்று நீ சொல்கிற நியாயம் எல்லாவற்றையும் சொன்னாள். கோள் சொன்னாள் என்று அவள் மேல் பாயாதே, பயந்துபோய்ச் சொன்னாள்.

அந்தக் கவர் கதை உனக்குத் தெரிந்தது பாதிதான். எங்கள் சலவைக் கடையில் துணியை மெஷினில் போடுவதற்கு முன்னால் சட்டைப்பை, பேன்ட் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பார்ப்போம். சாவியோ சீட்டோ சிகரெட்டோ, எது இருந்தாலும் கேள்வி கேட்கக் கூடாது, கவரில் போட்டு டோக்கன் நம்பர் எழுதி, தேய்த்த துணியோடு வைத்துக் கொடுத்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதுதான் என் வேலை, இவள் கைக்குப் போனால் எதுவும் தொலையாது என்று பேர் வேறு. அப்பாவுக்கும் அப்படியே செய்தேன். நனைந்து வீணாகப் போகுமே என்று அவர் சட்டைப்பைச் சிகரெட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக் கொடுத்த புத்திசாலி நான். நீ பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது உன் பேன்ட்டில் இரண்டு சிகரெட் கிடைத்தது. கை பழக்கத்தில் அதையும் கவரில் போட்டு உன் துணிக்கு மேலே வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஓடிப் போய் எடுத்திருக்கலாம். பையனே வெட்கப்பட்டுத் தூக்கிப் போடுவான் என்று சும்மா இருந்தேன். நீ இரண்டு நாள் என் முகத்தையே பார்த்தாய், நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறாய். நான் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். சம்மதம் இல்லையடா, பயம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்கிற பயம். அது என் தப்பு, நான் ஒத்துக்கொள்கிறேன். அதைச் சாக்காக வைத்து நீ இன்னும் பத்து வருஷம் இழுக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

பால்கனி நியாயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். துணியில் ஏறிய புகை இரண்டு தண்ணீரில் அலசினாலும் லேசில் போகாது, அது என் தொழில், என்னிடம் சொல்லாதே. அந்தச் சட்டையோடுதான் வாயும் வயிறுமாக இருக்கிறவள் பக்கத்தில் வந்து உட்காருகிறாய். மருமகள் சொன்ன பிறகு நர்ஸம்மாவிடம் மறுபடி போய் உன் விஷயத்தைக் கேட்டேன், எடை குறைந்த குழந்தை, மூச்சிழுப்பு, இன்னும் என்னென்னவோ வரலாம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் காது அடைத்துவிட்டது. உன் வயசில் விட்டால் உடம்பு நிறையவே மீண்டுவரும் என்றும் சொன்னார், அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் இதற்கு ஆள் இருப்பார்கள். தனியாக மல்லுக்கட்டாதே, அப்பா தனியாக விட்ட லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே.

மனசு கேட்காமல் அப்பாவிடம் உன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. பிறகு, “அவன் போய் டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டிட்டு வரட்டும், அப்புறம் நான் ஆபரேஷனுக்குப் போய்ப் படுக்கறேன்” என்றார். ஆபரேஷன் தேதியைத் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், அசையமாட்டேன் என்கிறார். இது மிரட்டலா என்றால் மிரட்டல்தான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி என்ன செய்வேன், சொல்.

நீயும் மருமகளும் வரப்போகிற குழந்தையும் நல்ல மூச்சோடு நெடுநாள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. பதினாலாம் தேதிக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு நீயே போன் செய். ஒன்றே ஒன்று, போகாமலே போய்விட்டு வந்தேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே. என்னிடம் சொன்னால் நான் நம்பமாட்டேன். அவர் நம்பிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா