விமானக் கடையில் யாசீன்

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவோட மூட்டுவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல பேசுனா அழுதுருவேன், அதான் எழுதுறேன்.

தோஹாவுல நான் பிரேம் போடுற கடைக்குப் போன வாரம் பெரிய பெரிய போட்டோக்கள் வந்துச்சு. ஊர் ஊரா ராத்திரிக் கடைகளை ஒரு வெளிநாட்டம்மா எடுத்தது. அதுல ஒன்னு, சமயநல்லூர் ரோட்டுல விமானம் மாதிரியே கட்டியிருக்கிற புரோட்டாக் கடை. றெக்கைக்குக் கீழ, நீல வெளிச்சத்துல நம்ம யாசீன் உக்காந்து சிரிக்கிறான். அவன் மவுத்தாகி நம்மளை விட்டுப் போறதுக்கு முன்னாடி எடுத்திருக்காங்க.

"இது என் தம்பி சார், எனக்குத் தருவீங்களா?"ன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன்.

"ஓட்டலுக்கு வித்தாச்சு முபீன், பேக் பண்ணு"ன்னுட்டாரு.

நானே கண்ணாடியைத் துடைச்சு, வெள்ளைத் தாளைச் சுத்தி, கயிறு கட்டி வண்டியில ஏத்துனேன். அழலைம்மா, கடையில ஆள் இருந்தாங்க.

பீர் முகமது மாமா இங்க வரும்போது தலைவலித் தைலம் கொடுத்துவிடுங்க. தூக்கம் வரலை, வேற ஒன்னுமில்லை. வேலைக்கு வேன் வந்துருச்சு, போறேன்.

அம்மா, எனக்குத்தான் லீவு கிடைக்கலையே, அன்னைக்கு அவனைத் தூக்கிட்டுப் போனப்போ என் இடத்துல தோள் கொடுத்தது யாரு?

உங்க முபீன்