முழுப் பிரதி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
04.03.2025

அன்பின் அஞ்சலோ,

நீங்கள் பிரிந்து போன மூன்று வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம். பயந்துவிடாதீர்கள், நலமாகத்தான் இருக்கிறேன்.

நேற்று சிவில் உடுப்பில் இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்து, “கொம்பியூட்டருக்குள்ள என்ன வைச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டார்கள். காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி நாற்பத்தொரு தாய்மார் என்னை நம்பிச் சொன்ன வாக்குமூலங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை. போனில் கதைக்க ஏலாது. கொழும்புக்கு ஓடுகிற வான்காரர் நஸ்ரியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். புருஷன் என்று கேட்கவில்லை, கணினி தெரிந்த மனிதர் என்று கேட்கிறேன். ஒரு வழி சொல்லுங்கள்.

நிலுஷா

வெள்ளவத்தை,
07.03.2025

என் நிலுஷாவுக்கு,

உம்முடைய கடிதம் கண்டு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வேலை வேண்டாமென்று அன்றைக்கே சொன்னேன், கேட்டீரா? சரி, சண்டை பிறகு.

ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கும். முழுக் கணினியையும் அப்படியே அதில் பிரதி எடும். கணினி போனாலும் டிஸ்க்கை வேறொன்றில் செருகி அதிலிருந்தே இயக்கலாம். கட்டாயம் என்கிரிப்ட் செய்யும். பாஸ்வேர்ட் இல்லாமல் எவரும் ஒரு எழுத்துக்கூட வாசிக்க ஏலாது. எடுத்ததும் ஒருதரம் இயக்கிப் பாரும், மறக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடும்.

அஞ்சலோ

திருகோணமலை,
19.03.2025

அன்பின் அஞ்சலோ,

ஒன்பது மணித்தியாலம் செபமாலையும் கையுமாக இருந்து பிரதி எடுத்தேன். அவர்கள் திரும்ப வருவார்கள் என்ற பயத்தில், இயக்கிப் பார்க்காமலே கணினியில் இருந்ததை அழித்துவிட்டேன். மறுநாள் வந்து வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கப்பல்துறையில், என்னோடு வேலை செய்யும் மாகிரட் அக்காவின் வீட்டுக் கணினியில் டிஸ்க்கைச் செருகினால், இயங்கும் முன்பே பாஸ்வேர்ட் கேட்கிறது. ஆங்கில எழுத்து மட்டும்தான் விழுகிறது. நான் தமிழில் அல்லவா வைத்தேன், காணாமற்போன பிள்ளைகளில் ஐந்து பேரின் பெயர்களை! ஐயோ, அந்தத் தாய்மாரின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

டிஸ்க் அக்காவோடு ரயிலில் வருகிறது, இந்தக் கடிதம் நஸ்ரியோடு. பாஸ்வேர்ட் இந்தத் தாளின் பின்பக்கத்தில். இரண்டும் ஒரு கையில் வரக்கூடாது என்றுதான் இப்படி. வாசித்ததும் எரித்துவிடுங்கள். வாக்குமூலங்களைத் திறக்காதீர்கள், எண்ணிப் பாருங்கள், போதும்.

நிலுஷா

வெள்ளவத்தை,
25.03.2025

நிலுஷா,

முதலில் இதைக் கேளும்: நாற்பத்தொன்றும் இருக்கின்றன.

தமிழ் விசைப்பலகை கணினி எழும்பிய பிறகுதான் வரும். பூட்டு அதற்கு முன்னாலே கேட்கிறது. ஓடிக்கொண்டிருந்த என் கணினியில் செருகித் தமிழில் அடித்தேன், திறந்தது. பாஸ்வேர்டை ஆங்கில எழுத்துக்கு மாற்றி இயக்கியும் பார்த்துவிட்டேன். வாக்குமூலம் ஒன்றையும் திறக்கவில்லை.

ஆனால் இயங்கியதும் திரையில் என் பெயரில் ஒரு கோப்பு கிடந்தது. அதை மட்டும் வாசித்தேன். சட்டப்படி பிரிவதற்கு என் சம்மதம் கேட்டு நீர் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். திகதி இரண்டு வருடம் பழையது. முழுப் பிரதியில் இதுவும் வரும் என்று நீர் யோசித்திருக்க மாட்டீர். “பயத்தில் என்னைத் தனியே விட்டுப் போனவர்” என்று எழுதியிருக்கிறீர். உண்மை. வெட்கமாக இருக்கிறது.

அதை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டத்தரணிக்கு அனுப்புவதும் கிழிப்பதும் உம்முடைய விருப்பம்.

புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை டிஸ்க்கோடு நானே வருகிறேன். “பாஸ்வேர்டைச் சொல்லிப்போட்டுப் போங்கோ” என்று வாசலில் வைத்தே அனுப்பினாலும் போய்விடுவேன். உள்ளே கூப்பிட்டால், இனி அவர்கள் வரும்போது கதவைத் திறக்கிறவன் நானாக இருப்பேன்.

அஞ்சலோ